பார்வையாளர் வரிசையில் ஓர் அக்கா

1

என் பெயருக்குக் கீழே ‘பார்வையாளர்’ என்று போட்டிருந்தது.

அது நாய்களுக்கு மோப்ப விளையாட்டுப் பழக்கும் இணைய வகுப்பொன்றின் மாணவர் பட்டியல். மேலே பன்னிரண்டு பேர், தங்கள் படத்தோடும் நாயின் படத்தோடும். அவர்கள் வீட்டில் பழக்கி, வீடியோ எடுத்து அனுப்புவார்கள். ஸ்கொட்லாந்தில் இருக்கிற ஹெலன் என்ற ஆசிரியை அதைப் பார்த்துத் திருத்தம் சொல்லுவார். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், பார்க்க மட்டும் அனுமதி பெற்றவர்கள். நாங்கள் வீடியோ அனுப்பவும் முடியாது, கேள்வி கேட்கவும் முடியாது.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒன்பதாவது ஆள் என் தங்கச்சி விமலா. ஊர் மட்டக்களப்பு. நாயின் பெயர் சூட்டி. இனம் என்ற இடத்தில் ‘நாட்டு நாய்’ என்பதை யாரோ நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, என் மகள் ஆரணிதான். வகுப்புக்குப் பதிவு திறந்த அன்று அவளுக்குக் கிடைத்தது ஒரேயொரு இடம். அதைச் சின்னம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, அம்மாவைப் பார்வையாளர் ஆக்கிவிட்டாள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களைப் பார்த்து ஊரில் இருக்கிறவர்கள் பொறாமைப்படுவார்கள் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நோர்வேக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிற நேரத்தில், வாவிக்கரையில் ஒரு நாயோடு நிற்கிற என் தங்கச்சியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்த கதையைத்தான் எழுதுகிறேன். கொஞ்சமும் மறைக்கவில்லை.

2

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன்.

ஆரணிக்கு வேலை ஒஸ்லோவில். அவள் இருக்கிற மாடிவீட்டில் நாய் வைக்க அனுமதி இல்லை. அதனால் அவளுடைய லாப்ரடோர், லூனா, மேற்குக் கரையில் இருக்கிற எங்களிடம் வந்து சேர்ந்தது. தோலுக்கடியில் இருக்கிற அடையாள மின்சில்லில் பதிவாகியிருப்பது மகளின் பெயர். மிருக வைத்தியரிடம் கூட்டிப் போனால் “உரிமையாளர் எங்கே?” என்று கேட்பார்கள். நான் லூனாவுக்குச் சாப்பாடு போடுகிறவள், மழையில் நடக்கக் கூட்டிப் போகிறவள், முடி கூட்டுகிறவள். உரிமையாளர் இல்லை.

வீட்டில் சும்மா கிடந்து லூனா கொழுக்கத் தொடங்கியது. அப்போதுதான் மகள் என்னை ஆரம்ப வகுப்பில் சேர்த்துவிட்டாள். நான் சந்தோசமாகத்தான் சேர்ந்தேன். நாய்க்காக இல்லை. மகள் கிழமைக்கு ஒரு தடவை போனில் “எல்லாம் சரியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவள். நான் தமிழில் கேட்டால் நோர்வே மொழியில் பதில் வரும். நாய் பழக்கினால் அவளோடு பேச ஏதாவது இருக்குமே என்று நினைத்தேன்.

விளையாட்டு இதுதான். பஞ்சு முனையில் வாசனைத் தைலம் ஒரு துளி தொட்டு, சின்னத் தகர டப்பாவில் வைத்து, எங்காவது ஒளித்துவிட வேண்டும். நாய் மணந்து கண்டுபிடித்து அதற்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து இருக்க வேண்டும். இருந்தால் தீன். வகுப்புக்கு அவர்கள் வைத்திருந்த வாசனை என்ன தெரியுமா? கராம்பு.

ஒரு தமிழ்ப் பெண்ணின் வீட்டில் கராம்பை ஒளித்துவைத்து நாயைத் தேடச் சொல்கிறார்கள்! லூனா டப்பாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே குசினி அலுமாரிக்குப் போய் இருந்தது. பிறகு என் கணவருடைய குளிர் ஜக்கெட்டுக்கு முன்னால் இருந்தது. பிறகு சோபாவுக்கு. கடைசியில் எனக்கு முன்னால் வந்து, சேட்டை இல்லாமல் அமர்ந்து, என் முகத்தையே பார்த்தது. மகள் பழக்கிய நோர்வே மொழியில் சொல்லிப் பார்த்தேன், ஹெலனின் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன், கோபம் வந்ததும் தமிழில் ஏசினேன். அது மூன்று மொழிக்கும் வாலை ஆட்டியது.

வீட்டில் உள்ள கராம்பு முழுவதையும் ஆறு கிழமைக்கு வெளியேற்றச் சொல்லி ஹெலன் எழுதினார். கராம்புப் போத்தலைப் பல்கனியில் வைத்தேன். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, இறைச்சிக் கறி. உள்ளே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சான்றிதழ் கிடைக்கவில்லை. “நீங்கள் முயற்சியே செய்யவில்லை அம்மா” என்று மகள் நோர்வே மொழியில் சொன்னாள். உண்மைதான்.

3

சூட்டி ஓட்டமாவடி பஸ் நிலையத்தில் பாண் துண்டு பொறுக்கித் தின்றுகொண்டிருந்த குட்டி. விமலா ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். விமலா பாலர் பாடசாலை ஆசிரியை. அவளுடைய மனுசன் சந்திரன் உன்னிச்சைப் பக்கத்து வட்டையில் வயல் செய்கிறவர். இந்த இருவருக்கும் நாய் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஆரணி ஒருநாள் போனில் சின்னம்மாவுக்கு விளையாட்டை விளங்கப்படுத்தினாளாம். சின்னம்மா அடுத்த நாளே வீட்டில் இருந்த கராம்பைப் பக்கத்து வளவுக்குக் கொடுத்துவிட்டாளாம்.

முதல் வீடியோ வந்த சனிக்கிழமை காலை, தேத்தண்ணியோடு கணினிக்கு முன்னால் இருந்தேன். வளவில் ஆறு சிரட்டைகள் கவிழ்த்து வைத்திருந்தன. ஒன்றுக்குள்தான் டப்பா.

“எங்க புள்ள? எங்க இரிக்கி?” என்றாள் விமலா.

சூட்டி ஒரு சுற்று வந்து, நான்காவது சிரட்டைக்கு முன்னால் பொத்தென்று இருந்தது. விமலா ஒரு நெத்தலிக் கருவாட்டை நீட்டினாள். அவ்வளவுதான். ஹெலன் அரைப் பக்கத்துக்குப் பாராட்டி எழுதியிருந்தார். நாயின் அமைதி, கையாள்பவரின் பொறுமை, சிரட்டை என்ற அருமையான யோசனை. அமெரிக்காவில் ஒருத்தி தன் நாய்க்கும் ‘எங்க புள்ள’ என்று சொல்லிப் பழக்கப் போகிறாளாம்.

நான் நாயைப் பார்க்கவில்லை. பின்னால் தெரிந்ததைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வேலி இருந்த இடத்தில் மதில். எப்போது கட்டினாள்? எனக்கு ஏன் சொல்லவில்லை? குசினிக் கதவுக்கு நீலப் பெயின்ற். கிணற்றடி முருங்கை இல்லை. மதிலுக்கு அங்கால் வாவி. ஒரு தோணி, அதில் நின்று ஒருவர் வலை வீசுகிறார். வீடியோ முழுக்க அவர் வீசிக்கொண்டே இருக்கிறார். பன்னிரண்டு பேரில் ஒருவர் ‘பின்னால் தெரிவது கடலா?’ என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுத விரல் வைத்தேன். பெட்டி திறக்கவில்லை. நான் பார்வையாளர்.

பிறகு ஒவ்வொரு சனியும் இதே வேலை. விமலா எங்கே பிழை விடுகிறாள் என்று பார்ப்பேன். கயிறு தளர்ந்து போனால் சந்தோசம். ஹெலன் ‘கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள்’ என்று எழுதினால் அந்த நாள் முழுக்க சந்தோசம். முதியோர் இல்லத்தில் எனக்கு மேலே இருக்கிற தாதி “இன்றைக்கு நல்லா இருக்கிறாய்” என்றாள். காரணத்தை நான் சொல்லவில்லை.

4

ஐந்தாவது வீடியோவில் கமெராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “சின்னம்மா, கொஞ்சம் அங்கால நில்லுங்க.”

ஆரணியின் குரல். அவள் ஆறு கிழமை சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தாள். அது எனக்குத் தெரியும், விமான நிலையத்தில் நின்றவளோடு நானும்தான் போனில் பேசி அனுப்பினேன். ஆனால் அவள் வாயில் ‘அங்கால’ வரும் என்று எனக்குத் தெரியாது. இருபத்தாறு வயதுவரை என் வாயிலிருந்து எடுக்காத தமிழை, நாலு கிழமையில் சின்னம்மாவின் வாயிலிருந்து எடுத்துக்கொண்டாள். அன்று கணினியை மூடிவிட்டேன்.

இப்போது வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மூத்தவள் கலியாணம் முடித்தால் தாய்வீடு அவளுக்கு. பெற்றோர் பக்கத்தில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். நான் மூத்தவள். எனக்கு நோர்வே மாப்பிள்ளை வந்தது, கொழும்பில் கலியாணம் நடந்தது, விசா வரும்வரை எட்டு மாதம் அம்மாவோடு இருந்தேன், பிறகு விமானம் ஏறினேன். வீடு விமலாவுக்குப் போனது.

அம்மா போன பிறகு வீட்டு உறுதிப் பத்திரத்தை விமலாவின் பெயருக்கு மாற்றுவதற்கு என் கையெழுத்து வேண்டியிருந்தது. அற்றோணித் தத்துவம் என்ற அதிகாரப் பத்திரம் எழுத ஒஸ்லோ தூதரகத்துக்கு மூன்று தடவை ரயிலில் போனேன். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னால், நோர்வே பாஸ்போர்ட்டில் கணவரின் பெயர் பின்னால். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க இன்னொரு கடிதம், அந்தக் கடிதம் சரி என்பதற்கு இன்னொரு முத்திரை. கடைசியில் பெருந்தன்மையோடுதான் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

விமலாவுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். வீடு அவளுக்குப் பிறகு யாருக்கு என்று நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

ஆரணி திரும்பி வருவதற்கு நாள் குறித்திருந்தது. எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு இரண்டு நாள் முன்னர் வந்துவிடுவாள். பெரிதாக ஒன்றும் இல்லை, மத்தியானச் சாப்பாடு, நாங்கள் மூன்று பேர், நாய். ஆனால் அந்த மேசையில் அவள் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு. அந்த ஆறு கிழமையும் நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தது அதற்காக.

5

அவள் புறப்படுவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது கடைசிச் சோதனை நடந்தது.

விதி கடுமையானது. வீட்டுக்குள் மூன்று டப்பா. ஒளிப்பது வேறு ஆள், நாயோடு போகிறவருக்கு இடம் தெரியக் கூடாது. வீடியோ வெட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். நாய் இருந்ததும் ‘இங்கே’ என்று சொல்ல வேண்டும். டப்பா இல்லாத இடத்தில் ஒரு தடவை ‘இங்கே’ என்றாலும் சித்தியில்லை, தோல்விதான். ஒளித்தது ஆரணி, கமெரா பிடித்ததும் அவள்தான்.

முதல் டப்பா, குடைத் தாங்கியில். சூட்டி உடனே இருந்தது. இரண்டாவது, தையல் மெசினுக்குக் கீழே. அதுவும் சரி. பிறகு அறைக்குள் போனார்கள். அம்மாவின் பழைய தேக்கு அலுமாரி அங்கேதான் நிற்கிறது. சூட்டி அதைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது. அடி லாச்சிக்கு, அந்தக் கடைசி இழுப்பறைக்கு முன்னால் மூக்கை வைத்து இழுத்து இழுத்து மணந்தது. பிறகு இருந்தது. விமலா இரண்டு அடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். நாய் அசையவில்லை.

“இங்கே” என்றாள் விமலா.

கமெரா ஒருகணம் ஆடியது. “இல்ல சின்னம்மா” என்றது மகளின் குரல். மூன்றாவது டப்பா யன்னல் திரைக்குப் பின்னால் இருந்ததாம்.

விமலா நாயைப் பார்த்தாள். ஏசவில்லை. தலையைத் தடவிவிட்டு, “பரவால்ல புள்ள, வா” என்று கூட்டிக்கொண்டு வெளியே போனாள். ஆறு கிழமை கராம்பு போடாமல் சமைத்தவள். ஹெலன் ஆறுதலாக எழுதியிருந்தார்: எல்லா நாய்களும் சில நேரம் ஊகிக்கும்.

சூட்டி ஊகிக்கவில்லை. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அந்த அடி லாச்சி பூட்டியிருக்கிறது. அதன் திறப்பு நோர்வேயில், என் காதணிப் பெட்டிக்குள் இருக்கிறது. உள்ளே என் கூறைச்சேலை. விமானம் ஏறும்போது ‘குளிர் நாட்டுக்குக் கூறை என்னத்துக்கு’ என்று அம்மா வைக்கச் சொன்னா. நான் பூட்டி, திறப்பைக் கொண்டுவந்துவிட்டேன். ஒவ்வொரு தடவை போகும்போதும், விமலா சந்தைக்குப் போன நேரம் பார்த்துத் திறந்து, பூச்சி அரிக்காமலிருக்கக் கைலேஞ்சித் துணியில் கட்டி வைத்த கராம்பை எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டி வைப்பேன். சேலையை ஒரு தடவையும் கொண்டுவரவில்லை. உறுதியில் கையெழுத்துப் போட்டாலும், அந்த வீட்டில் எனக்கென்று ஒரு லாச்சி இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறேன் போல.

நான் என்ன செய்தேன்? தேத்தண்ணி குடித்து முடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்தேன். யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சியின் நாய் தோற்றுவிட்டது, மகள் சலித்துப்போய் வீட்டுக்கு வருவாள் என்ற நினைப்பு இனித்தது.

6

மூன்று நாள் இனித்தது. நாலாம் நாள் ஆரணி எனக்குப் போன் எடுத்தாள்.

“அம்மா, நான் டிக்கெட்டை மாத்தப் போறன். நாலு கிழமைக்குப் பிறகு திரும்பச் சோதனை எடுக்கலாமாம். சின்னம்மா சாப்பிடாமத் திரியிறா. இப்படி விட்டுட்டு வர ஏலாது.”

“எங்கட நாளுக்கு?”

“அடுத்த வருசமும் வரும்தானே அம்மா.”

அவள் போனை வைத்துவிட்டாள். என் எரிச்சலால்தான் இப்போது மகள் அங்கே தங்குகிறாள். லூனா வந்து என் காலில் படுத்தது. உண்மையைச் சொன்னால் மகள் வருவாள். சொன்னால் தங்கச்சி வெல்லுவாள். மனச்சாட்சி குத்தித்தான் சொன்னேன் என்று எழுத ஆசைதான். மகள் வேண்டும் என்றுதான் சொன்னேன்.

வீடியோ அழைப்பு எடுத்தேன். விமலா, சந்திரன், ஆரணி மூவரும் விறாந்தையில் இருந்தார்கள், சூட்டியும் இருந்தது.

“விமலா, அடி லாச்சிக்குள்ள கராம்பு இரிக்கி.”

எந்த லாச்சி என்று விமலா கேட்கவில்லை.

“நான் கட்டி வச்சது. கூறைக்கு. உன்ட நாய் பிழை விடல்ல.”

“தெறப்பு?” என்றாள் விமலா.

“இஞ்ச, என்னட்ட. உடைக்கச் சொல்லு.”

சந்திரன் ஸ்குருட்ரைவரோடு வந்தார். “மச்சாள், தேக்கு. உடைச்சாக் காயம் விழும்” என்றார். “விழட்டும்” என்றேன். ஆரணி போனை அலுமாரிக்கு நேரே பிடித்தாள். மரம் கீறுப்படுகிற சத்தம் இங்கே எங்கள் மேசைவரை கேட்டது. லாச்சி வெளியே வந்தது. செம்மண் நிறச் சேலை, அதன்மேல் என் கைலேஞ்சி முடிச்சு. சூட்டி ஒருவரும் சொல்லாமலே வந்து முன்னால் இருந்தது.

விமலா எழும்பிக் குசினிக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். ஒரு நெத்தலியோடு வந்து நாய்க்கு நீட்டினாள். “இந்தா புள்ள. நீ அண்டைக்கே சொன்ன, நாங்கதான் கேக்கல்ல.”

“அம்மா,” என்றாள் ஆரணி, “உங்களுக்கு அண்டைக்கே தெரியுமா?”

“ஓம்.”

“ஏன் சொல்லல்ல?”

“எரிச்சல்தான் மகள். வேற என்ன.”

அவள் போனை இறக்கிவிட்டாள். தரைச் சீமெந்து மட்டும் தெரிந்தது. விமலாவின் குரல் கேட்டது.

“அக்கா, முப்பது வருசமா அந்த அலுமாரிய நான்தான் துடைக்கிறன். வீடு எனக்கெண்டு எழுதி, நீங்களும் கையெழுத்து வச்சீங்க. ஆனா ஒரு லாச்சி எனக்கில்ல. ஊருக்கு வந்தா என்னைச் சந்தைக்கு அனுப்பிப்போட்டுத் தெறப்பீங்க, தெரியாதெண்டா நினைச்சீங்க? எனக்கு எரிச்சல் வராதா?”

“நீ ஒரு சொல்லும் சொல்லல்லையே.”

“நீங்க சொன்னீங்களா?”

நான் அழுதேன். அவளும் அழுதிருப்பாள், தரைதான் தெரிந்தது. கொஞ்சநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சேலைய மகளிட்டக் குடுத்து விடட்டா?” என்று கேட்டாள். அது போனால் அந்த வீட்டில் எனக்கு ஒன்றும் இல்லை. “குடுத்து விடு” என்றேன்.

7

ஆரணி எல்லாவற்றையும் படம் எடுத்து ஹெலனுக்கு அனுப்பினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. வீட்டில் நான்காவதாக ஒரு வாசனை இருந்தது நிரூபணமாகிவிட்டதால் சூட்டி சித்தி. தன் வகுப்பில் ஒரு நாய் ஆசிரியையைப் பிழை என்று காட்டியது இதுதான் முதல் தடவை என்றும் எழுதியிருந்தார். பன்னிரண்டு பேரும் பாராட்டினார்கள். சான்றிதழில் விமலாவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்தபோதும் எரிந்தது. அது உடனே நிற்கிற விசயம் இல்லை.

மகள் குறித்த நாளிலேயே வந்தாள். கலியாண நாளன்று மூன்று பேரும் மேசையில் இருந்து சாப்பிட்டோம். அவர் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு ஆரணி சூட்கேஸைத் திறந்து கூறையை எடுத்துத் தந்தாள். அதை எடுப்பதற்காக மேசையில் வைத்த அவளுடைய சாவிக்கொத்து என் கண்ணில் பட்டது. ஒஸ்லோ வீட்டுத் திறப்புக்குப் பக்கத்தில் பித்தளையில் ஒன்று, நீளமானது. எனக்கு அதைத் தெரியும். ஊர் வீட்டு முன்வாசல் திறப்பு.

“இது?”

“சின்னம்மா தந்தா. இனி வந்தாக் கதவைத் தட்டாம உள்ள வரட்டாம்.”

நான் சேலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்தேன், கேட்டும் விட்டேன். “எனக்கு ஒருநாளும் தரல்லையே.”

“நானும் கேட்டன் அம்மா,” என்றாள் மகள், தமிழில். “அக்கா லாச்சித் தெறப்பத்தான் கொண்டு போனா, வாசல் தெறப்ப ஒருநாளும் கேக்கல்லையே எண்டு சின்னம்மா சொன்னா.”